டச்சு பேசிய கரும்புத் தோட்டத்துப் பேரன்

சென்ற பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகளை மலாக்காவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். 1753இல் டச்சுக்காரர்கள் கட்டி முடித்த சிவப்புத் தேவாலயத்துக்குள், தரையில் பதித்திருந்த கல்லறைக் கல் ஒன்றைப் பெரியவர் ஒருவர் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தார். நம்மவரைப் போன்ற முகம், நிறம். வாசித்ததை மனைவிக்கு விளக்கினார். அது தமிழுமில்லை, இந்தியுமில்லை.

"ஐயாவுக்கு எந்த ஊர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"பிறந்தது சுரினாம். இப்போது நெதர்லாந்தில், ஹேக் நகரில் இருக்கிறோம்" என்றார். கல்லில் இருந்ததும் அவர் பேசியதும் டச்சு.

டச்சு என்றால் நெதர்லாந்து, அதை அடுத்து பெல்ஜியத்தின் வடபகுதி, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். தென் அமெரிக்காவின் வடகரையில், ஏறக்குறைய 6 லட்சம் பேர் வாழும் சுரினாமிலும் அதுதான் ஒரே ஆட்சிமொழி. பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதுவே தாய்மொழி.

அவருடைய முன்னோர் அங்கே போன கதை நம் கதைதான். 1863இல் சுரினாமில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். கல்கத்தாவிலிருந்து 'லல்லா ரூக்' என்ற கப்பல் 1873 ஜூன் 5ஆம் தேதி முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோய் இறக்கியது. 1916 வரை ஏறக்குறைய 34,000 இந்தியர்கள் போனார்கள். ஜாவாவிலிருந்தும் கிட்டத்தட்ட அதே அளவு. இங்கே பால்மரம், அங்கே கரும்பு.

இந்தியர்கள் கொண்டுபோன போஜ்புரியும் அவதியும் கலந்து 'சர்னாமி' என்று ஒரு மொழியானது. தெருவில் 'ஸ்ரானன் தோங்கோ'. பள்ளிக்கூடத்தில் மட்டும் டச்சு. 1876இலேயே அங்கே கட்டாயக் கல்வி வந்துவிட்டது, நெதர்லாந்துக்கே அது வருவதற்கு முன்பு! வகுப்பில் வேறு மொழி பேசினால் தண்டனை. வேலை வேண்டுமென்றால் டச்சு வேண்டும். பெற்றோர் வீட்டிலும் அதையே பேசத் தொடங்கினார்கள்.

மலாக்காவைப் பாருங்கள். 1641இல் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்த டச்சுக்காரர்கள், இடையில் சில ஆண்டுகள் போக, 1824 ஒப்பந்தம் வரை வைத்திருந்தார்கள். இன்று அந்த மொழி தேவாலயத் தரையில் கிடக்கிறது. அவர்களுக்கு முன் ஆண்ட போர்ச்சுகீசியரின் மொழியோ 'கிறிஸ்தாங்' என்ற வடிவில் இன்னும் சில வீடுகளில் பேசப்படுகிறது. டச்சுக்காரர்கள் நீண்ட காலம் ஆண்ட இந்தோனேசியாவிலும் டச்சு நிலைக்கவில்லை. வியாபாரத்துக்கு மலாய் போதும் என்றிருந்தார்கள்; உள்ளூர்ப் பிள்ளைகளில் மிகச் சிலருக்கே டச்சுப் பள்ளி கிடைத்தது. நமக்கு மிஞ்சியது மலாய்க்காரர்களின் 'டுயிட்'. அது ஒரு டச்சுச் செப்புக்காசின் பெயர். நம் 'துட்டு'ம் அதிலிருந்து வந்ததுதான் என்பார்கள்.

1975இல் சுரினாம் விடுதலை பெற்றபோது பெருங்கூட்டம் நெதர்லாந்துக்கு விமானம் ஏறியது. பெரியவரும் அப்படிப் போனவர்தான். மொழி தெரிந்ததால் வேலை கிடைப்பதில் சிரமம் இல்லையாம். பெருமையாகத்தான் சொன்னார். பிறகு குரல் இறங்கியது.

"என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கடைசி வாரம் டச்சே வாயில் வரவில்லை. சர்னாமியில்தான் பேசினார். கட்டிலைச் சுற்றிப் பேரப்பிள்ளைகள் நின்றார்கள். நான்தான் ஒவ்வொன்றையும் டச்சில் மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. சிலவற்றை மாற்ற வரவில்லை."

அவருடைய மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும், "அந்தத் தாத்தா என்ன சொன்னார்?" என்று என் பேரன் ஆங்கிலத்தில் கேட்டான். நானும் வழக்கம்போல ஆங்கிலத்தில் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டு முதலிலிருந்து தமிழில் சொன்னேன். பாதிதான் புரிந்தது என்றான்.