அழித்த பைல் தேடலில் வந்து நிற்கிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் சில மாதங்களில் இரண்டு வேலைகளை நன்றாகப் பழகிக் கொள்கிறார்கள். ஒன்று பைலைத் தேடுவது; மற்றொன்று வேண்டாத பைலை அழிப்பது. இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் குழப்பம் வருகிறது. நேற்று அழித்த பைல் ஒன்று தேடலில் பளிச்சென்று வந்து நிற்கும். அதே நேரத்தில் அழித்த இன்னொரு பைல் என்ன தேடினாலும் வராது. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதோ, வைரஸ் புகுந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். இதற்குத் தெளிவான காரணம் உண்டு. அது தெரியாமல் அவசரப்பட்டால் தேவையான பைலை நாமே நிரந்தரமாகத் தொலைத்துவிடுவோம்.

நான் இருப்பது ராஜபாளையம். பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் சமீபத்தில் கம்ப்யூட்டர் வாங்கினார். ஆடிப்பூரத் தேரோட்டம் முடிந்த வாரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது.

"அண்ணாச்சி, பழைய கணக்கு போல்டரை அழிச்சு ரெண்டு நாளாச்சு. தேடினா உள்ளே இருந்த பைல் எல்லாம் அப்படியே வருது. கை தவறி அழிச்ச கடன் லிஸ்ட் மட்டும் எங்கேயுமே வரல. அது போனது போகட்டும், ரீசைக்கிள் பின்னைக் காலி பண்ணிட்டா இந்தப் பழசாவது ஒழியுமா?"

"எதையும் தொடாதீங்க, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் கிளம்பினேன். திருவிழாவுக்காக வெளியூர்க் கடைகளுக்குக் கடனாகக் கொடுத்த சரக்கின் பட்டியல் அது. வேறு நகல் கிடையாது. அவர் நினைத்தபடி பின்னைக் காலி செய்திருந்தால் பழைய கணக்கோடு அந்தப் பட்டியலும் போயிருக்கும்.

அழிப்பது என்றால் என்ன?

டெலிட் கீயை அழுத்தியதும் பைல் அழிவதில்லை. ஒவ்வொரு டிரைவிலும் மறைந்திருக்கும் ஒரு போல்டருக்கு விண்டோஸ் அதை மாற்றி வைக்கிறது. டாலர் குறியுடன் தொடங்கும் "ரீசைக்கிள்.பின்" என்பது அதன் பெயர். மாற்றும்போது பைலின் பெயரையும் விண்டோஸ் மாற்றிவிடுகிறது. டாலர் குறி, ஆங்கில "ஆர்" எழுத்து, அதையடுத்து ஆறு எழுத்துகளோ எண்களோ கலந்த ஒரு பெயர் அதற்குக் கிடைக்கும். கடைசியில் உள்ள எக்ஸ்டென்ஷன் மட்டும் மாறாது.

பழைய பெயர் என்ன, எந்த இடத்தில் இருந்தது, எப்போது அழிக்கப்பட்டது என்ற விவரங்கள் டாலர் குறியும் "ஐ" எழுத்தும் கொண்டு தொடங்கும் இன்னொரு சின்ன பைலில் எழுதி வைக்கப்படும். ரீசைக்கிள் பின்னைத் திறந்தால் பழைய பெயரே தெரிவதற்கு இந்தச் சின்ன பைல்தான் காரணம். 2007ல் விஸ்டா வந்ததிலிருந்து இந்த முறைதான். அதற்கு முந்தைய எக்ஸ்பியில் வேறு மாதிரியான பெயர்கள் இருந்தன. பெயர் மாற்றும் வேலை அப்போதும் நடந்தது.

சரி, ஒரு போல்டரை அழித்தால்? விண்டோஸ் அந்த போல்டரின் பெயரை மட்டுமே மாற்றுகிறது. உள்ளே இருக்கும் பைல்கள் தங்கள் பழைய பெயர்களுடனேயே இருக்கின்றன. நண்பரின் குழப்பத்திற்கு விடை இதுதான்.

தேடல் புரோகிராம் பார்ப்பது எதை?

நண்பர் பயன்படுத்தியது "எவ்ரிதிங்" என்ற இலவசப் புரோகிராம். விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎப்எஸ் அமைப்பில் எல்லா பைல்களின் பெயர்களும் ஒரு முதன்மை அட்டவணையில் இருக்கும். எவ்ரிதிங் அந்த அட்டவணையை நேரடியாகப் படித்துவிடுகிறது. பிறகு நடக்கும் மாற்றங்களை விண்டோஸ் எழுதி வரும் குறிப்பேட்டிலிருந்து தெரிந்து கொள்கிறது. அதனால்தான் அவ்வளவு வேகம். மறைந்துள்ள ரீசைக்கிள் பின் போல்டரும் அதற்கு இன்னொரு போல்டர்தான்.

ஆகவே, தனியாக அழித்த கடன் லிஸ்ட் புதுப் பெயருக்கு மாறிவிட்டதால் பழைய பெயரில் தேடினால் வரவில்லை. போல்டரோடு அழித்த கணக்குப் பைல்கள் பெயர் மாறாததால் வந்துவிட்டன. எவ்ரிதிங் இரண்டு இடத்திலும் உண்மையைத்தான் காட்டியது.

ரீசைக்கிள் பின்னைத் திறந்தால் காட்சி அப்படியே தலைகீழ். அங்கே கடன் லிஸ்ட் சொந்தப் பெயரில் இருந்தது. கணக்குப் பைல்களைத் தனித்தனியாகக் காணோம். அந்த போல்டர் மட்டும் ஒற்றை வரியாக நின்றது. கடன் லிஸ்ட்டின் மேல் ரைட் கிளிக் செய்து ரீஸ்டோர் கொடுத்தேன். பழைய இடத்துக்கே பழைய பெயருடன் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகுதான் பின்னைக் காலி செய்யச் சொன்னேன்.

நீங்களே செய்து பாருங்கள்

1. டெஸ்க்டாப்பில் "சோதனை" என்று ஒரு போல்டர் உருவாக்கி, அதற்குள் "மாங்காய்" என்ற நோட்பேட் பைலைப் போடுங்கள்.

2. டெஸ்க்டாப்பிலேயே வெளியே "தேங்காய்" என்று இன்னொரு நோட்பேட் பைலை உருவாக்குங்கள்.

3. சோதனை போல்டரையும் தேங்காய் பைலையும் டெலிட் செய்யுங்கள்.

4. எவ்ரிதிங்கில் இரண்டு பெயர்களையும் தேடுங்கள். மாங்காய் வரும். அழித்த தேங்காய் வராது.

5. மாங்காய்க்கு எதிரே பாத் என்ற பத்தியைப் பாருங்கள். அதில் டாலர் குறியும் ரீசைக்கிள்.பின் என்ற பெயரும் இருக்கும். அப்படி இருந்தால் அது ஏற்கனவே குப்பைக்கூடையில் உள்ள பைல் என்று அர்த்தம்.

எக்ஸ்டென்ஷனை வைத்துத் தேடும்போது ஒரே எழுத்துகளுடன் ஜோடியாக இரண்டு பைல்கள் வந்தால் திகைக்க வேண்டாம். பெரியது உங்கள் பைல். ஒரு கேபி கூட இல்லாத சின்னது, பழைய பெயரை வைத்திருக்கும் குறிப்பு. இவற்றைத் தேடல் விண்டோவிலிருந்து அழிக்கவோ பெயர் மாற்றவோ செய்யாதீர்கள். ஜோடி பிரிந்தால் பின்னிலிருந்து ரீஸ்டோர் செய்ய வழியில்லாமல் போகும்.

இந்தப் பெயர்கள் தேடலில் தொல்லையாக இருந்தால் எவ்ரிதிங்கில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், இன்டெக்சஸ், எக்ஸ்க்ளூட் என்று சென்று ரீசைக்கிள் பின் போல்டரைச் சேர்த்துவிடலாம். அது பெயர்களை மறைக்கும், அவ்வளவுதான். பைல்கள் டிஸ்க்கில் அப்படியே இருக்கும்.

விண்டோஸின் சொந்தத் தேடல் வேறு வகை. அது தானே ஒரு இன்டெக்ஸ் தயாரித்து வைத்துக்கொண்டு அதில் தேடுகிறது. ரீசைக்கிள் பின்னை அதில் சேர்ப்பதில்லை. அழித்த பைலின் பெயர் அங்கே வந்தால் இன்டெக்ஸ் இன்னும் புதுப்பிக்கப்படவில்லை என்று பொருள். சிறிது நேரத்தில் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் கண்ட்ரோல் பேனலில் இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு சென்று ரீபில்ட் கொடுங்கள். 2004ல் வந்து 2011ல் நிறுத்தப்பட்ட கூகுள் டெஸ்க்டாப், பைல்களின் உள்ளடக்கத்தையே தன்னிடம் நகலெடுத்து வைத்துக் கொண்டது. அதனால் அழித்த பைலின் வாசகத்தைக்கூட அதில் படிக்க முடிந்தது.

மனதில் கொள்ள வேண்டியவை

தேடலில் வரவில்லை என்பதால் பைல் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். முதலில் ரீசைக்கிள் பின்னைத் திறந்து, டேட் டெலிடட் என்ற தலைப்பில் கிளிக் செய்து, அழித்த தேதி வரிசையில் பாருங்கள். போல்டரோடு அழிந்த பைல் வேண்டுமானால் போல்டர் முழுவதையும் ரீஸ்டோர் செய்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மறுபடி அழித்துவிடலாம். பென் டிரைவில் அழிப்பவை பொதுவாகப் பின்னுக்கு வருவதில்லை. ஷிப்ட் கீயுடன் டெலிட் செய்தவையும் வராது. அந்த இரண்டு இடத்திலும் ஒரு முறைக்கு இரு முறை யோசியுங்கள்.

அதேபோல், தேடலில் வரவில்லை என்பதால் ரகசியம் பத்திரம் என்றும் நினைக்காதீர்கள். பின்னைக் காலி செய்த பிறகும், அந்த இடத்தில் வேறு தகவல் எழுதப்படும் வரை பைலின் உள்ளடக்கம் ஹார்ட் டிஸ்க்கில் தங்கியிருக்கலாம். மீட்பு சாப்ட்வேர்கள் அதை எடுத்துவிடக்கூடும். கம்ப்யூட்டரை விற்கும் முன்போ, பிறருக்குக் கொடுக்கும் முன்போ வேண்டியதை நகலெடுத்துக்கொண்டு, செட்டிங்ஸில் ரீசெட் திஸ் பிசி சென்று ரிமூவ் எவ்ரிதிங் தேர்ந்தெடுங்கள். கூடவே டிரைவைத் துடைக்கும் கிளீன் டேட்டா வசதியையும் ஆன் செய்யுங்கள். நேரம் கூடுதலாக எடுக்கும்; பொறுத்திருந்து முடிந்த பிறகு கொடுங்கள்.