கான்ஸ்டன்டைன் காசில் நின்ற சூரியன்

கி.பி. 312இல் மில்வியன் பாலப் போரில் கிடைத்த வெற்றியைக் கிறிஸ்துவின் அருளாக ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் எண்ணினார் என்பது திருச்சபை வரலாறு. ஆனால் அதன் பிறகும் ஏறத்தாழ 325 வரை அவர் வெளியிட்ட காசுகளில் சூரிய தேவனைப் பார்க்கிறோம். தலையில் கதிர்முடி, உயர்த்திய வலக்கை, இடக்கையில் உலக உருண்டை; சுற்றிலும் வெல்லற்கரிய சூரியனைப் பேரரசரின் துணைவன் என்று போற்றும் லத்தீன் எழுத்துகள். இதைக் காட்டி, அவருடைய மதமாற்றமே நாடகம் என்போர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 313இலேயே பறிமுதலான தேவாலயச் சொத்துகளைத் திருப்பிக் கொடுத்தவர் அவர். 314இல் ஆயர்களை ஆர்ல் நகரில் கூட்டியவரும் அவர்தான். ரோமானியக் காசு பேரரசரின் மனத்தைத் திறந்து காட்ட அடிக்கப்பட்டதல்ல. அதை வாங்கும் கை யாருடையது என்று பார்த்தே அதில் தெய்வங்கள் இடம்பெற்றன.

வாங்கிய கைகளில் முக்கியமானவை படைவீரர்களுடையவை. 274இல் பேரரசர் அவுரேலியன் ரோமில் சூரியனுக்குப் பெருங்கோயில் எழுப்பியதிலிருந்து அந்தத் தெய்வத்துக்குப் படையில் தனிச் செல்வாக்கு. கிழக்கை ஆண்ட போட்டிப் பேரரசர் லிசினியஸோ, காக்கும் ஜூப்பிட்டரைத் தன் காசுகளில் நிறுத்தியிருந்தார். அந்தப் போட்டி முடியாத நிலையில் சூரியனைக் கைவிடுவது, சொந்தப் படையின் நம்பிக்கையைப் பணயம் வைப்பதாகும். அக்கசாலை அதிகாரிகள் பழைய வழக்கத்தைத் தொடர்ந்தார்கள், பேரரசர் இதையெல்லாம் பார்த்திருக்கவே மாட்டார் என்று ஒரு மறுப்பு வரும். சில்லறைச் செப்புக் காசுகளுக்கு அது பொருந்தலாம். 313இல் டிசினத்தில், அதாவது இன்றைய பாவியாவில், அடிக்கப்பட்ட பெரிய தங்கப் பதக்கத்துக்குப் பொருந்தாது. அதில் கான்ஸ்டன்டைனும் சூரியனும் தோளோடு தோள் சேர்ந்து ஒரே திசையை நோக்குகிறார்கள். பேரரசரின் கேடயத்திலும் சூரியனின் தேர். உயர்நிலையில் இருப்போருக்குப் பரிசாகத் தரப்படும் இத்தகைய பதக்கம் கவனக்குறைவில் உருவாகாது. கிறிஸ்தவர்களும் கிறிஸ்துவைச் சூரியனாகப் போற்றினார்களே என்பது இதைவிட வலுவான மறுப்பு. உண்மைதான், இரு தரப்பும் தத்தம் கடவுளைக் காண இடம் தந்ததால்தான் அந்த உருவம் அவ்வளவு காலம் பயன்பட்டது. 315ஆம் ஆண்டு வெள்ளிப் பதக்கத்தைப் பாருங்கள். கிறிஸ்துவின் கிரேக்கப் பெயரின் முதலிரண்டு எழுத்துகள் தலைக்கவசத்தின் உச்சியில், சிறு வட்டத்துக்குள், தேடினால்தான் தெரியும் அளவில் இருக்கின்றன. கேடயத்திலோ ரோமின் பழைய ஓநாயும் இரட்டைக் குழந்தைகளும் பளிச்சென்று தெரிகின்றன.

324இல் லிசினியஸ் தோற்றதும் நிலைமை மாறியது. சூரியன் காசிலிருந்து விலகினான். 327இல் கான்ஸ்டான்டிநோபிளில் அடித்த செப்புக்காசில், அதே எழுத்துகளை உச்சியில் தாங்கிய படைக்கொடி ஒரு பாம்பைக் குத்தி நிற்கிறது. ஆனாலும் அந்தக் காசு மிக அரிது. கிறிஸ்துவின் எழுத்துச் சின்னம் நாடெங்கும் புழங்கிவிடவில்லை. 337இல் அவர் இறந்தபின் மகன்கள் வெளியிட்ட காசில், நான்கு குதிரை பூட்டிய தேரில் அவர் மேலே போகிறார். வானிலிருந்து ஒரு கை நீண்டு அவரை வரவேற்கிறது. மேலிருந்து நீண்ட அந்தக் கை அவரை ஏற்றுக்கொள்வதாக ஆயர் யூசிபியஸ் எழுதிவைத்தார். காசின் மறுபக்கத்திலோ, மறைந்த பேரரசரைத் தெய்வமாக அறிவிக்கும் பழைய ரோமானியப் பட்டம் இருக்கிறது. முன்னோர் மதத்தை விடாத வீரனுக்கு அந்தப் பட்டமும் தேரும் பழக்கமானவையே. ஆட்சியைப் பங்கிட்டுக்கொண்டிருந்த மகன்களுக்கோ ஆயரும் வேண்டும், அந்த வீரனும் வேண்டும்.