சீத்தா கேம்ப் முதல் சஹ்யாத்ரி வரை: எளியோருக்கு எட்டுமா மலைகள்?

நமது சிறப்பு நிருபர்

மும்பை: மழைக்காலம் ஓய்ந்து குளிர் தொடங்கிவிட்டால், மும்பை இளைஞர்கள் பலருக்கு வார இறுதி என்றாலே மலைதான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, விடுமுறைக்கு முந்தைய இரவுகளில் கசாரா, கர்ஜத் நோக்கிச் செல்லும் கடைசி மின்ரயில்களில், முதுகுப்பையும் கைவிளக்குமாக நண்பர் குழுக்களைக் காணலாம். அதிகச் செலவில்லாத சாகசம் இது. ஆனால், இச் சாகசத்துக்கான பாதுகாப்பு விதிகள், கட்டணம் செலுத்தி நிறுவனங்கள் மூலம் செல்வோரை மனதில் கொண்டே வகுக்கப்பட்டுள்ளன. தாமாகக் கூடிச் செல்லும் எளிய குடும்பத்துப் பிள்ளைகள் அவற்றுக்கு வெளியே நிற்கின்றனர். இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ள, தமிழர்கள் பெருமளவில் வாழும் சீத்தா கேம்ப் பகுதியிலிருந்து பார்ப்பது பொருத்தமாக இருக்கும்.

மலையடியில் ஒரு குடியேற்றம்

மும்பையின் கிழக்கு விளிம்பில், மான்கூர்த் ரயில் நிலையத்துக்குத் தெற்கே, தாணே கழிமுகத்தை ஒட்டிய தாழ்நிலத்தில் அமைந்துள்ளது சீத்தா கேம்ப். இப்பகுதிக்கு அருகிலேயே ஒரு மலை உண்டு. சுமார் 300 மீட்டர் உயரமுள்ள டிராம்பே மலை அது. ஆனால், அதன் பெரும்பகுதி பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பாதுகாப்பு எல்லைக்குள் இருப்பதால், அதில் ஏறிப் பார்க்கும் வாய்ப்பு இங்குள்ளோருக்கு இல்லை.

சீத்தா கேம்ப் உருவானதற்கே அந்த ஆராய்ச்சி மையம்தான் காரணம். 1954-ல் டிராம்பேயில் நிறுவப்பட்டு, 1967-ல் ஹோமி பாபாவின் பெயரைப் பெற்ற அந்த மையத்தின் அருகே, ஜனதா காலனி என்ற பெரும் குடியிருப்பு இருந்தது. அதை அகற்றும் முயற்சிக்கு எதிராகப் போராடியவர், கோலார் தங்க வயலில் பிறந்து இளம் வயதில் மும்பை வந்த தமிழரான ஜோக்கின் அற்புதம். சிறுவர்களைத் திரட்டிக் குப்பையைச் சுமக்கச் செய்து, அதை மாநகராட்சி அலுவலக வாசலிலேயே கொட்டியது அவரது தொடக்க காலப் போராட்டங்களில் ஒன்று. நீதிமன்றப் படிகளில் ஏறியும், தில்லி வரை சென்று நாடாளுமன்றத்தின் முன் முறையிட்டும் காலனியைக் காக்க இயலவில்லை. நெருக்கடி நிலை அமலில் இருந்த 1976 மே 17 அன்று ஜனதா காலனி அகற்றப்பட்டது. சுமார் 70 ஆயிரம் பேர் சீத்தா கேம்ப்புக்கு மாற்றப்பட்டனர்.

தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பைக் கட்டியெழுப்பிய அற்புதம், 2000-ல் மகசேசே விருதும் 2011-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்; 2018 அக்டோபரில் காலமானார்.

சீத்தா கேம்ப் அடங்கிய 'எம் கிழக்கு' வார்டு, மாநகராட்சியின் 2009-ம் ஆண்டு மனித மேம்பாட்டு அறிக்கையில் மும்பையின் வார்டுகளிலேயே கடைசி இடத்தில் இருந்தது. நகரின் குப்பை மலையான தேவ்நார் கிடங்கும் இதே வார்டில்தான் உள்ளது. நெருக்கமான சந்துகளில் வளரும் பிள்ளைகளுக்குத் திறந்தவெளி என்பது எளிதில் கிடைக்கும் பொருளன்று. அவர்களுக்குக் குளிர்கால மலைப் பயணம் வெறும் பொழுதுபோக்கு மட்டுமல்ல என்பதை இப்பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

கசாரா செல்லும் கடைசி வண்டி

மான்கூர்த்திலிருந்து துறைமுக வழித்தட ரயிலில் குர்லா வந்து, அங்கு மத்திய ரயில்வேயின் கசாரா வண்டியைப் பிடிக்க வேண்டும். சத்ரபதி சிவாஜி முனையத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில், மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள கசாராதான் மும்பை மின்ரயிலின் வடகிழக்கு எல்லை. நள்ளிரவை ஒட்டிப் புறப்படும் கடைசி வண்டியில் வருவோர், அங்கிருந்து பங்கு ஜீப்பில் பாரி என்ற சிற்றூரை அடைந்து, இருளிலேயே கல்சுபாய் சிகரத்தில் ஏறத் தொடங்குவர்.

கல்சுபாய், 1,646 மீட்டர் உயரத்துடன் மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமாகும். நம் ஏற்காட்டைவிடச் சற்றே உயரம். செங்குத்தான பாறைகளில் இரும்பு ஏணிகள் பொருத்தப்பட்டுள்ளன. உச்சியில் கல்சுபாய் அம்மனின் சிறு கோயில் உள்ளது. சுற்றிலும் மகாதேவ் கோலி பழங்குடியினரின் ஊர்கள். விடியும்போது கீழே பண்டார்தரா நீர்த்தேக்கம் தெரியும்.

ஏறுவதற்கு வலுவில்லாதோருக்கு லோனாவலாவை அடுத்த மளவலி நிலையத்திலிருந்து செல்லத்தக்க லோகாகட் கோட்டை உள்ளது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் இதுவும் ஒன்று. அப் பட்டியலில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டை நமது செஞ்சிதான்.

தண்ணீர் பிறக்கும் இடம்

கசாரா ரயில் பாதைக்கு மற்றொரு முக்கியத்துவமும் உண்டு. மும்பைக்குக் குடிநீர் தரும் ஏழு ஏரிகளில் பாத்சா, தான்சா, வைதர்ணா ஆகியவை இந்த மலைகளின் மழையால் நிறைபவை. சீத்தா கேம்ப்பின் தெருக்குழாயில் வரும் தண்ணீர் இங்கிருந்துதான் புறப்படுகிறது. ஆனால், அணைகள் அமைந்துள்ள ஷாஹாபூர் வட்டத்தின் பல பழங்குடிக் குக்கிராமங்கள் கோடைதோறும் டேங்கர் லாரியை எதிர்பார்த்துக் கிடக்கின்றன.

நகரின் வளர்ச்சிக்காக இடம்பெயர்க்கப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகள், நகருக்கு நீர் தந்துவிட்டுத் தாகத்தில் வாடும் ஊர்களின் வழியே மலையேறுகின்றனர். பாடநூல் கற்றுத் தராத அரசியலை ஒரே இரவுப் பயணம் கற்றுத் தந்துவிடும்.

குரங்கணி தந்த பாடம்

மழைக்காலத்தை ஒப்பிடக் குளிர்காலம் பாதுகாப்பானது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது முழு உண்மையன்று. ஓடைகள் வற்றத் தொடங்குவதால் குடிநீர் கிடைக்காது. உதிரிக் கற்களில் கால் வழுக்கும். கோட்டைச் சுவர்களிலும் பாறை முகடுகளிலும் கூடு கட்டும் மலைத்தேனீக்கள், புகையாலோ கூச்சலாலோ கலைந்தால் கூட்டமாகத் தாக்கும். காய்ந்த புல்லில் பற்றும் தீ எல்லாவற்றிலும் கொடியது.

தமிழர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னை, ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்து வார இறுதிப் பயணமாகக் கொழுக்குமலைக்குச் சென்றவர்கள், தேனி மாவட்டம் குரங்கணிக்கு இறங்கும் வழியில் காட்டுத் தீயில் சிக்கினர். 23 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னரே தமிழகத்தில் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத் துறை சார்பில், 14 மாவட்டங்களில் 40 பாதைகளுடன், இணையவழி முன்பதிவுத் திட்டம் தொடங்கப்பட்டது. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருவது இதன் சிறப்பு. அதே வேளையில், கட்டணம் சாமானியருக்கு எட்டவில்லை என்ற விமர்சனமும் எழுந்தது.

மகாராஷ்டிர அரசு 2021 ஆகஸ்டில் சாகசச் சுற்றுலாக் கொள்கையை வெளியிட்டது. நிலம், நீர், வான் ஆகிய மூவகைச் சாகசங்களையும் நடத்துவோர் பதிவு பெறுவது இதன்படி கட்டாயம். மத்திய சுற்றுலா அமைச்சகம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் சுற்றுலா நடத்துவோருக்கானவையே. இவை தேவையானவை என்பதில் ஐயமில்லை. ஆனால், ஐந்தாறு நண்பர்கள் தாமாகக் கூடிப் புறப்படும்போது அவர்களுக்கு வழிகாட்டி யார்? விபத்து நேர்ந்தால் பாறையில் இறங்கி மீட்பவர்கள் பெரும்பாலும் லோனாவலாவின் சிவதுர்க் மித்ரா போன்ற தன்னார்வ அமைப்பினரே.

செய்ய வேண்டியவை

தடை விதிப்பது எளிது. விபத்துக்குப் பின் மாவட்ட நிர்வாகங்கள் உடனடியாகக் கையில் எடுப்பதும் அதைத்தான். ஆனால், தடையால் பாதிக்கப்படுவோர் மாற்று வழியில்லாத எளியோர் மட்டுமே. வசதியுள்ளோர் மணாலிக்கோ முசௌரிக்கோ சென்றுவிடுவர்.

மாறாக, அடிவார ஊர்களின் இளைஞர்களுக்கு முதலுதவி, மீட்புப் பயிற்சி அளித்து, நியாயமான நாள் கூலியில் வழிகாட்டிகளாக அமர்த்தலாம். அது பழங்குடிகளுக்கும் வருவாய் தரும். மலை செல்வோரின் பெயரையும் திரும்பும் நேரத்தையும் அடிவாரத்திலேயே கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். கசாரா, கர்ஜத் ரயில் நிலையங்களில் எச்சரிக்கைப் பலகைகளை மராத்தி, இந்தி மட்டுமன்றி தமிழ், உருது உள்ளிட்ட மொழிகளிலும் வைக்கலாம். தில்லி சாணக்கியபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட இளைஞர் விடுதிகள் சங்கம் குறைந்த கட்டணத்தில் மலைப் பயணங்களை நடத்தி வருகிறது. அதன் வாயில் மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்கும் திறக்கப்பட வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெருநிதி தேவையில்லை. டிராம்பே மலை நாட்டின் பாதுகாப்புக்காக மூடப்பட்டிருப்பதை எவரும் குறைகூற முடியாது. ஆனால், நாட்டுக்காக வீட்டையும் மலையையும் விட்டுக்கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு, மற்ற மலைகளையேனும் அச்சமின்றித் திறந்து வைக்கும் கடமை மத்திய, மாநில அரசுகளுக்கு உண்டு. அக் கடமை மற்றொரு குரங்கணிக்குப் பின்னர்தான் நினைவுக்கு வர வேண்டும் என்பதில்லை.