நாயும் நினைவிழந்த முதியோரும்

சித்தூர், தேவிகுளம் பக்கங்களில் ஆடுமாடுகளோடு ஆயுளைக் கழித்த முதியவர் பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்த பின்னும், மடியில் தலைசாய்க்கும் நாயின் காதுமடலை அவர் விரல்கள் தாமாகவே வருடத் தொடங்குவது ஆச்சரியமன்று. பெயரும் தேதியும் அழிந்தாலும், கைப்பழக்கமும் ஹிருதயத்தின் பிரியமும் அத்தனை சீக்கிரம் அழிவதில்லை. தம் நாய் ஜிங்கிள்ஸின் முன்னிலையில் ஒடுங்கியிருந்த சிறுவன் மனந்திறந்ததைக் கண்ட அமெரிக்க மனோதத்துவ நிபுணர் போரிஸ் லெவின்சன் 1962இல் எழுதிய கட்டுரையே நாயைத் துணையாகக் கொள்ளும் சிகிச்சைமுறைக்கு வித்தாயிற்று. முதியோரின் நினைவிழப்பு வியாதி இதனால் குணமாகாது. பதற்றமும் சோர்வும் சற்றே தணியலாம், அவ்வளவே. தடுப்பூசி போட்ட, சாதுவான, பழக்கப்பட்ட நாயே முதியோர் இல்லத்துக்கு ஏற்றது; தெருநாய்க்கு அஞ்சியே வாழ்ந்த பாட்டியிடம் அதை வற்புறுத்தி நெருங்கவிடுவது சிகிச்சையன்று, ஹிம்சை. நாய்க்கும் களைப்புண்டு என்பதைப் பராமரிப்பவர் மறக்கலாகாது.