தொப்பியைச் சுற்றி ஒரு தலைப்பாகை

ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம்மவர்கள் ஏப்ரல் 25, அன்சாக் தின அணிவகுப்பில் அந்த அகலத் தொப்பியைப் பார்த்திருப்பீர்கள். ராணுவத்தினர் போடும் 'ஸ்லவுச் ஹேட்'. இடப்பக்க விளிம்பை மேலே மடித்து பேட்ஜ் குத்தியிருப்பார்கள். எல்லோர் கண்ணும் அந்த பேட்ஜுக்குத்தான் போகும். நான் சொல்ல வந்தது தொப்பியைச் சுற்றி ஓடும் துணிப்பட்டையைப் பற்றி.

அதற்குப் பெயர் 'பகரி'. இந்தியில் தலைப்பாகைக்கு உள்ள 'பகடி' என்ற சொல்தான் ஆங்கிலேயர் வாயில் இப்படி ஆகிவிட்டது. (நம்ம ஊர் கேலிப் பகடி வேறு!)

இந்தியாவுக்கு வந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு வெயில் தாங்கவில்லை. உள்ளூர் ஜனங்கள் தலையில் துணி சுற்றுவதைப் பார்த்து, தங்கள் தொப்பி மேலேயே மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டார்கள். அந்தப் பழக்கம் படைகளோடு கப்பலேறி மற்ற காலனிகளுக்கும் போனது. இன்று அது வெயிலுக்கு அல்ல, அடையாளத்துக்கு. ஆஸ்திரேலியத் தொப்பியில் ஏழு மடிப்பு: ஆறு மாநிலங்களுக்கு ஆறு, பிரதேசங்களுக்கு ஒன்று. கான்பெராவின் டன்ட்ரூன் ராணுவக் கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் எட்டு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே நாடு 1901-ல் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. வருகிறவரை ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் 50 சொற்கள் சொல்லக் கேட்டு எழுதச் சொல்வார்கள். எந்த மொழி என்பது அதிகாரி இஷ்டம். ஆங்கிலம் சரளமாகத் தெரிந்தாலும் பிரயோஜனமில்லை, வேறு மொழியில் சோதித்து ஃபெயிலாக்கிவிடலாம். தலைப்பாகைத் துணிக்கு இடமுண்டு, தலைப்பாகைக்காரனுக்கு இல்லை! 1915-ல் கல்லிப்போலியில் 14-வது சீக்கியர் படை இதே பேரரசுக்காகப் போரிட்டு, ஜூன் 4 அன்று ஒரே நாளில் பெரும்பகுதி ஆட்களை இழந்தது. அதற்குப் பிறகும் அந்தச் சோதனை நீடித்தது. 1958-ல்தான் கைவிட்டார்கள். 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கையின் மிச்சங்கள் போக 1973 ஆனது. நமக்கெல்லாம் இங்கே விசா கிடைப்பது அதனால்தான்.

பள்ளியில் அன்சாக் பாடம் வரும்போது பிள்ளைகள் காகிதத்தில் இந்தத் தொப்பி செய்துகொண்டு வருவார்கள். பட்டையை ஒரு பழுப்புக் கோடாக வரைந்திருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஏழு மடிப்பையும் போடச் சொல்லுங்கள். அந்தத் துணியின் பெயர் எங்கிருந்து வந்தது, அந்தப் பெயர் வந்த ஊர்க்காரர்களை எத்தனை வருஷம் வாசலில் நிறுத்தினார்கள், இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.