கடற்றொழிலாளரும் வறுமையும்

நானிலப் பாகுபாட்டில் நெய்தல் எனப்பட்ட நிலத்து மக்கள் கடலையே வயலாகக் கொண்டு வாழ்பவர். உழவன் தன் வயலுக்கு வேலியிடுவான். விளைந்த நெல்லை விலை ஏறுங்காறும் களஞ்சியத்திற் சேமித்தும் வைப்பான். கடற்றொழிலாளனுக்கு இவ்விரண்டும் இயலா. அவன் வயலுக்கு வேலியில்லை. அவன் விளைவோ பொழுது சாயுமுன் கெட்டுவிடும். அவனது வறுமைக்கு மூலமாவன இவ்விரு இயல்புகளே என்பதை இலங்கையின் வடகரை நிலை கொண்டு விளங்கலாம்.

விளைவின் இயல்பை முதலில் நோக்குவோம். வலை, வள்ளம், இயந்திரம் ஆகியவற்றுக்கு முதல் வேண்டும். ஈடுவைக்க நிலமற்றவனுக்கு வங்கி எளிதிற் கடன் கொடாது. ஆதலின் அவன் மீன் வியாபாரியிடம் முற்பணம் பெறுகின்றான். அதற்குப் பெரும்பாலும் வட்டியெனத் தனியாக ஒன்றில்லை; பிடிக்கும் மீனை அவ்வியாபாரிக்கே கொடுத்தல் வேண்டும் என்பதே நிபந்தனை. கடன் கொடுத்தவரே விலையையும் குறிப்பவராதலின், சந்தை விலைக்கும் தொழிலாளி பெறும் விலைக்கும் இடையேயுள்ள வேறுபாடே வட்டியாகி விடுகின்றது. மீன் மிகுந்துபட்ட நாளில் விலை வீழ்கின்றது. படாத நாளிற் கடன் வளர்கின்றது.

இனி, வேலியின்மையை நோக்குவோம். பாக்கு நீரிணை ஆழங்குறைந்த கடல். இறாலும் நண்டும் அதன் அடித்தளத்தில் வளர்வன. 1974 ஆம், 1976 ஆம் ஆண்டு உடன்படிக்கைகளால் இந்தியாவும் இலங்கையும் கடலெல்லையை வகுத்துக்கொண்டன. எனினும் 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரின்போது வடபுலத்தார் கடலிற் செல்லப் பல தடைகள் இருந்தன. 1990 இல் இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்களுக்கு அவர்தம் துறைமுகம் 2017 இலேயே மீண்டது. இக்காலத்தில் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் இக்கடலிற் பழகிவிட்டன. இழுவைமடி அடித்தளத்தைக் கிளறிக் குஞ்சுகளையும் வாரிச் செல்கின்றது. விரித்த வலைகளையும் அறுக்கின்றது. ஓரிரவில் வலையிழந்தவன் மறுநாள் முற்பணத்துக்கே மீண்டும் செல்கின்றான். இவ்வாறு கடலில் நேரும் இழப்புக் கரையிலுள்ள கடனை இறுக்குகின்றது. அப்படகுகளில் வருவோரும் பெரும்பாலும் பிறர் படகில் உழைக்கும் ஏழைகளே என்பதையும் மறத்தலாகாது.

பரிகாரம் யாது? 2004 ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் வள்ளங்கள் மிகுதியாக வழங்கப்பட்டன. சில கரைகளில் அவை முன்னிருந்த தொகையையும் விஞ்சின. வள்ளம் பெருகியதால் மீன் பெருகிவிடவில்லை. இலங்கைப் பாராளுமன்றம் 2017 இல் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தமை கடலுக்கு வேலியிடும் முயற்சியாகும். அச்சட்டம் உள்ளூர்ப் படகுகள் மீதும் ஒப்ப நடைமுறைப்படுதல் வேண்டும். கரையில் ஆகவேண்டிய பணி கூட்டுறவுச் சங்கங்களுக்கு உரியது. சங்கம் மீனைப் பலரறிய ஏலத்திற் கூறி விற்று, விலையில் ஒரு சிறுபங்கைச் சேமிப்பாகக் கழித்து, அச்சேமிப்பிலிருந்து வலைக்குக் கடன் கொடுக்குமாயின் முற்பணத்தின் பிடி தளரும். பனிக்கட்டி வசதியும், பெண்கள் கைவல்ல கருவாட்டுத் தொழிலும் விலை வீழும் நாளில் விளைவைக் காக்கும்.

கடலைக் காவாது கடனை மட்டும் தீர்த்தால் மீண்டும் கடன் வரும். கடனைத் தீராது கடலை மட்டும் காத்தால் அதன் பயன் பிறர் கைக்கே போகும். இவ்விரண்டும் ஒருங்கே நிகழும் கரையிலேதான் தொழிலாளியின் பிள்ளை பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தாது தொடர்தல் கூடும்.