மண்டைக்குள் புகுந்த காற்று

காற்றின்றி உயிரில்லை என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும், காற்றுக்கு இடமே இல்லாத ஓர் அறை நம் உடலில் உண்டு. மூளை தங்கியிருக்கும் மண்டையோட்டின் உட்பகுதியே அது. தலையில் பலத்த அடிபட்டவர்கள் சிலருக்கு அவ்வறைக்குள் காற்று புகுந்துவிடுகிறது. மருத்துவர்கள் இந்நிலையை 'நியூமோகெஃபலஸ்' என்பர். காற்று, தலை ஆகியவற்றைக் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. தமிழில் நாம் இதனை 'மண்டையகக் காற்று' எனலாம்.

காற்று எவ்வாறு உள்ளே செல்கிறது? நெற்றியிலும், மூக்கின் மேற்புறத்திலும், காதின் பின்புறத்திலும் உள்ள எலும்புகளுக்குள் காற்றறைகள் இருக்கின்றன. அவை மூக்கோடும் தொண்டையோடும் தொடர்புடையன. அவ்வறைகளுக்கும் மூளைக்கும் இடையில் இருப்பவை மெல்லிய எலும்புச் சுவரும், அதனை ஒட்டிய மூளையுறையுமே. விபத்தில் எலும்பு உடைந்து, உறையும் கிழிந்தால் வழி திறந்துவிடுகிறது.

இதனை இருவகையாக விளக்குவர். மிதிவண்டிச் சக்கரத்தின் வால்வு காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. அதுபோலவே, தும்மும்போதும் மூக்கைச் சிந்தும்போதும் காற்று உள்ளே தள்ளப்படுகிறது. கிழிந்த உறையின் மடிப்பு அது திரும்பும் வழியை அடைத்துவிடுகிறது. இது முதல் வகை. கவிழ்த்த புட்டியிலிருந்து நீர் வெளியேறும்போது குமிழிகள் மேலேறுவதைக் கண்டிருப்போம். மூளையைச் சூழ்ந்துள்ள நீர் கிழிசல் வழியே கசியும்போதும் அவ்வாறே அதனிடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. இது இரண்டாம் வகை.

1913ஆம் ஆண்டில் நியூயார்க் அறுவை மருத்துவர் லக்கெட், மண்டையோடு உடைந்த ஒருவருடைய மூளையின் நீரறைகளில் காற்று நிறைந்திருந்ததை எக்ஸ்ரே படத்தில் கண்டு வெளியிட்டார். எக்ஸ்ரே கதிர்கள் காற்றை எளிதில் ஊடுருவுவதால் அவ்விடம் கருமையாகத் தெரியும். 1918இல் பால்டிமோர் நகரின் வால்டர் டேன்டி, நீரறைகளில் தாமே காற்றைச் செலுத்திப் படமெடுக்கும் முறையை அறிவித்தார். தீங்காக அறியப்பட்ட காற்றே நோயறியும் கருவியாயிற்று. 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டபின் அம்முறை படிப்படியாக வழக்கொழிந்தது. இன்று மிகச் சிறு குமிழியையும் சி.டி. படம் காட்டிவிடுகிறது.

பெரும்பாலோருக்கு இக்காற்று சில நாள்களிலோ வாரங்களிலோ தானே கரைந்துவிடும். நோயாளியின் தலையைச் சற்று உயர்த்திப் படுக்கவைத்து, உயிர்வளி கொடுப்பர். இதற்குக் காரணம் உண்டு. காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன். உயிர்வளியை மிகுதியாகச் சுவாசித்தால் குருதியில் நைட்ரஜன் குறையும். அப்போது மண்டைக்குள் சிக்கிய நைட்ரஜன் குருதியில் கலந்து, நுரையீரல் வழியே வெளியேறும். காற்று முழுமையாகக் கரையும்வரை வானூர்திப் பயணம் கூடாது. உயரே அழுத்தம் குறைய, உள்ளிருக்கும் காற்று விரிவடையும்.

சிலருக்கோ காற்று பெருகி மூளையை அழுத்தும். மூளையின் முன்பகுதிகள் இரண்டும் பிரிந்து, படத்தில் இரு முகடுகள்போல் தோன்றும். ஜப்பானிய மருத்துவர்கள் இதற்கு 'ஃபூஜி மலை அடையாளம்' எனப் பெயரிட்டனர். அந்நிலையில் அறுவை சிகிச்சை செய்து காற்றை வெளியேற்றாவிடில் உயிருக்கே ஆபத்து.

ஆசிரியர்களும் மாணவர்களும் மறவாது கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. திடலில் விழுந்தோ சாலை விபத்திலோ தலையில் அடிபட்டவரின் மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் சொட்டினால், அதனைச் சளி என்று எண்ணிவிடலாகாது. நீர் வெளியேறும் வழியே காற்று நுழையும் வழியுமாகும். அவரை மூக்கைச் சிந்தவிடாதீர்கள், பஞ்சால் அடைக்காதீர்கள், கழுத்தை அசைக்காதீர்கள். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்ற எண்ணை உடனே அழையுங்கள். சளி என்று நாம் கடந்துபோகும் ஒரு துளி, ஓர் உயிரின் எச்சரிக்கையாக இருக்கக்கூடும்.